ட்ரிப்

எங்கள் பக்கத்தில் கல்யாணமான பெண்ணிடம் பிள்ளை உண்டாகியிருக்கிறாயா என்று யாரும் நேராகக் கேட்பதில்லை. "விசேஷம் எதுனா கீதா?" என்றுதான், அதாவது விசேஷம் ஏதாவது இருக்கிறதா என்றுதான், கேட்பார்கள். கேட்கிறவர்களுக்கு அது நாசூக்கு. எனக்குக் கல்யாணமான மூன்றாம் மாதமே இது ஆரம்பித்துவிட்டது. கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காருகிறவள், கேன்டீனில் சாம்பார் ஊற்றும் அக்கா, வல்லக்கோட்டை கோவில் வாசலில் பூ விற்கிற அம்மா என்று எல்லோருக்கும் என் வயிற்றின் மேல் ஒரு கண். அந்தப் பூக்கார அம்மாவுக்கு நான் யாரென்றே தெரியாது. புதுத் தாலிக்கயிற்றின் மஞ்சளைப் பார்த்துக் கேட்டுவிட்டார்.

நான் ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தேன். "நான் ஏ ஷிப்ட், அவரு பி ஷிப்ட். மூஞ்ச பாத்துக்கிறதே ஞாயித்துக்கெழமதான்." கேட்டவர்கள் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை இப்படி வாழும் ஜோடிகள் ஏராளம். ஒருவர் எழுந்த பாயில் அந்தச் சூடு ஆறுவதற்குள் மற்றவர் படுப்பார். அதனால் யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. அந்த எதிர் ஷிப்டை நானே சூப்பர்வைசரிடம் போய்க் கேட்டு வாங்கியது அவர்களுக்குத் தெரியாது.

என் வீட்டுக்காரர் தென்காசிப் பக்கத்துக்காரர். டிப்ளமோ முடித்துவிட்டு இங்கே வந்து, மறைமலை நகரில் ஒரு கார் கம்பெனிக்கு உதிரி பாகம் செய்கிற இடத்தில் குவாலிட்டி பிரிவில் சேர்ந்தவர். நான் இந்த ஊர்ப் பெண். அப்பா காலத்தில் விதைத்த நிலத்தின் மேல் இப்போது ஒரு கம்பெனியின் பார்க்கிங் இருக்கிறது. நான் வேறொரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து கிளம்பும் ஷேர் ஆட்டோவில்தான் எங்கள் பழக்கம் தொடங்கியது. டிரைவருக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டு வருவாரே தவிர, இடம் இருந்தாலும் பின்னால் வந்து பெண்களை இடித்துக்கொண்டு உட்காரமாட்டார். அதைப் பார்த்துத்தான் எனக்குப் பிடித்தது. இரண்டு வீட்டுக்கும் சம்மதமில்லை. என் அம்மா அவரைக் கல்யாணத்துக்குப் பிறகும் "அவன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. தடுக்க ஆள் இல்லை என்பதால்தான் கல்யாணம் நடந்தது என்று மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், பந்தியிலேயே சொல்லிவிட்டுப் போனார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் அம்மா என் புடவைகளை மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் ஒன்று சொன்னார். "மொதல்ல அப்டிதான் இருக்கும். பல்லைக் கடிச்சிக்கினு கண்ணை மூடிக்கோ. சீக்கிரம் ஆயிடும்." தாம்பத்தியம் பற்றி எனக்குக் கிடைத்த மொத்தப் பாடமும் அதுதான். பள்ளியில் அந்தப் பாடம் வந்தபோது டீச்சர் வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்று பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

இனி எழுதப்போவதை எப்படி எழுதுவது என்று நிறைய யோசித்தேன். சுற்றி வளைத்து எழுதினால் இதுவும் இன்னொரு "விசேஷம்" ஆகிவிடும். அதனால் நேராகவே சொல்கிறேன். எனக்கு அவர் மேல் ஆசை இருந்தது. அவர் பக்கத்தில் வந்தால் மனசு அவரை நோக்கிப் போகும். ஆனால் அந்த நேரம் வந்ததும் என் உடம்பு என்னைக் கேட்காமலே இறுகிக்கொண்டது. தொடை இரண்டும் சேர்ந்துவிடும், இடுப்புக்குக் கீழே எல்லாம் கல்லாகிவிடும், மூச்சு பாதியில் நிற்கும். மீறினால் கத்தியால் கீறுவதுபோல் ஒரு எரிச்சல். அம்மா சொன்னபடி பல்லைக் கடித்தேன், கண்ணை மூடினேன். அப்போது இன்னும் இறுகியது.

அவர் முதல் நாளே நிறுத்திவிட்டார். எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"குடி பிள்ள. ஒண்ணும் அவசரம் இல்ல. நாம எங்க போவப் போறோம்?"

அடுத்த வாரமும் அப்படியே, அதற்கடுத்த மாதமும் அப்படியே. ஒவ்வொரு தடவையும் அவர் நிறுத்தினார். ஒவ்வொரு தடவையும் நான் சுவரைப் பார்த்துப் படுத்து அழுதேன். மற்ற பெண்களுக்கெல்லாம் சோறு தின்பதுபோல நடக்கிற காரியம் எனக்கு மட்டும் ஏன் நடக்கவில்லை? நான் பெண்தானா என்றுகூட நினைத்தேன். கண்ணாடி முன்னால் நின்று என்னையே முறைத்துக்கொண்டு நின்ற நாட்கள் உண்டு. அப்புறம்தான் எதிர் ஷிப்டு கேட்டேன், இவர் ஷிப்டு எதுவென்று சூப்பர்வைசரிடம் சொல்லாமல். அவர் வீட்டில் இருக்கும்போது நான் லைனில் இருந்தால் இந்தப் பரீட்சை எழுத வேண்டாம் அல்லவா. அவருக்கும் அது புரிந்தது என்று நினைக்கிறேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எங்கள் லைன் சூப்பர்வைசர் நல்ல மனுஷன். அதுதான் வினையாகிவிட்டது. கல்யாணமாகி ஒரு வருஷம் தாண்டியதும், யாரோ பெண்கள் அவரிடம் என்னைப் பற்றிப் பாவமாகப் பேசியிருக்கிறார்கள். ஒருநாள் கூப்பிட்டு, "உன் வூட்டுக்காரு ஷிப்ட் இன்னானு கேட்டு வெச்சிக்கினேன்மா. இனிமே உனுக்கும் அதே ஷிப்ட்தான். போ, சந்தோஷமா இரு" என்றார். லைன் முழுக்கக் கைதட்டினார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

அதற்குப் பிறகு எனக்குச் சொல்லிக்கொள்ளக் காரணம் இல்லாமல் போய்விட்டது. அம்மா தானாகவே ஒரு முடிவுக்கு வந்தார். பெண்ணுக்குக் குறை என்று எந்த அம்மாவும் நினைப்பதில்லை. சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப் பக்கம் சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருக்கும். மாதாமாதம் ஒரு பரம்பரை வைத்தியர் லாட்ஜில் ரூம் எடுத்துத் தங்கி, இளமையில் செய்த தவறுகளால் வாழ்வை இழந்த ஆண்களுக்கு மருந்து கொடுப்பாராம். அம்மா மாமாவைத் துணைக்கு அனுப்பி என் வீட்டுக்காரரை அங்கே போக வைத்தார். எனக்கு விஷயம் தெரிந்தது, அலமாரியில் ஒரு டப்பா லேகியத்தைப் பார்த்த பிறகுதான்.

"இன்னா இது?" என்றேன்.

அவர் சிரித்தார். "நாடி பிடிச்சுப் பாத்தாரு. தம்பி, சின்ன வயசுல கைப்பழக்கம் உண்டானு கேட்டாரு. ஆமாய்யா, குவாலிட்டில அளவு பாக்குற கேஜ் பிடிச்சுப் பிடிச்சு கை நல்லா பழகிட்டுனு சொன்னேன். ஆளு முழிக்காரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே கோபமும் வந்தது. "எதுக்குப் போனீங்க? நான்தான் காரணம்னு சொல்லிருக்க வேண்டியதுதானே?"

"உன்னச் சொன்னா ஊரு முழுக்க உன்ட்ட ஆயிரம் கேப்பாவ. என்ட்ட கேட்டா ஒண்ணுதான் கேப்பாவ. போவட்டும் விடு. இத நீ எங்கயும் சொல்லக் கூடாது, என்ன?"

அந்த ஒன்று என்ன என்று எனக்குத் தெரியும். ஆம்பளையா என்பதுதான். அவர் ஒரு ஸ்பூன் லேகியத்தை வாயில் போட்டு, "நல்லாத்தான் இருக்கு, பேரீச்சம்பழம் போல" என்றார். நான் டப்பாவைப் பிடுங்கிக் குப்பையில் போட்டேன். மறுநாளே, வாரவிடுமுறையில், மறைமலை நகரில் ஒரு லேடி டாக்டரைப் போய்ப் பார்த்தேன். அவர் பரிசோதிக்கக் கை வைத்ததுமே நான் மேஜையின் விளிம்புவரை நகர்ந்துவிட்டேன். நல்ல காலம், அவர் திட்டவில்லை. கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, நீ சொல்வதைக் கேட்டால் உடம்புக் கோளாறாகத் தெரியவில்லை, இதற்கென்றே படித்தவர்கள் இருக்கிறார்கள் என்று தாம்பரத்தில் ஒரு மருத்துவமனைக்கு அனுப்பினார்.

அங்கே இருந்தவர் மனநல ஆலோசகர். வயது என்னைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்கும். பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கிற இடத்துக்கு அனுப்பிவிட்டார்களே என்று நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன். அவர் முதலில் கேட்டது, "அப்ப உங்க உடம்புல என்ன நடக்குதுன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க" என்று. எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. இதற்கெல்லாம் தமிழில் எனக்குத் தெரிந்தவை இரண்டு வகைதான். ஒன்று கெட்ட வார்த்தை, இன்னொன்று நோட்டீஸில் வருகிற வார்த்தை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ட்ரிப் ஆயிடுது மேடம்."

அவருக்குப் புரியவில்லை. நான் விளக்கினேன். எங்கள் பிரஸ் மெஷினின் வாயில் கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை ஒன்று உண்டு. மேல் அச்சு இறங்கும்போது கை குறுக்கே போனால் அந்த நொடியே மெஷின் தானாக நின்றுவிடும். மேலே சிவப்பு விளக்கு எரியும். அதைத்தான் நாங்கள் ட்ரிப் என்போம். சில நேரம் கையே போகாமலும் ட்ரிப் ஆகும். ஒரு ஈ பறந்தால் போதும், தூசி படிந்தால் போதும். அப்போது எவ்வளவு பட்டன் அழுத்தினாலும் மெஷின் அசையாது.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அப்ப என்ன பண்ணுவீங்க?"

"காரணம் இன்னானு பாத்து சரி பண்ணிட்டு, ரீசெட் பண்ணுவோம். அவசரத்துக்கு அந்தத் திரை சென்ஸாரை பைபாஸ் பண்ணி, அது இல்லாம மெஷினை ஓட்டக்கூடாது. பண்ணா வேலைய வுட்டே அனுப்பிடுவாங்க. கை போயிடும்ல."

"இத்தனை நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பண்ணீங்களே, அது என்ன?" என்று கேட்டார்.

அது பைபாஸ். அந்த அறையில் நான் அழுத அழுகை, அதுவரை சுவரைப் பார்த்து அழுததுபோல் இல்லை.

அதற்கு ஆங்கிலத்தில் வஜைனிஸ்மஸ் என்று ஒரு பெயர் இருப்பதை அவர்தான் சொன்னார். எனக்கு அது ஏதோ மாத்திரைப் பெயர்போல் கேட்டது. முன்பெல்லாம் இதைத் தசையின் கோளாறு என்று மட்டும் நினைத்தார்களாம். இப்போது ஆராய்ச்சி செய்கிறவர்கள் வலி, வலிக்குமோ என்கிற பயம், தசையின் இறுக்கம் மூன்றையும் பிரிக்க முடியாது என்கிறார்களாம். பயம் இறுக்குகிறது, இறுக்கம் வலிக்கிறது, வலி அடுத்த தடவைக்கான பயத்தைச் சேர்த்து வைக்கிறது. ஆசை இல்லாததாலோ, புருஷனைப் பிடிக்காததாலோ வருவதில்லை. சிலருக்குப் பழைய காயம் காரணமாக இருக்கும், சிலருக்குக் கேட்டு வளர்ந்த பேச்சு, சிலருக்குக் காரணமே அகப்படாது. நம் ஊர்ப் பெண்கள் இதை எப்படிச் சொல்கிறார்கள் என்று எழுதி வைத்தவர்கள் குறைவு என்றும், தான் அதைத்தான் ஆராய்ந்துகொண்டிருப்பதாகவும் சொன்னார். பெயர் போடாமல் என் பேச்சை எடுத்துக்கொள்ளலாமா என்று அனுமதி கேட்டார். என் வாழ்க்கையில் என் உடம்பைப் பற்றி என்னிடம் அனுமதி கேட்டது, என் வீட்டுக்காரருக்கு அப்புறம் அவர்தான். சரி என்றேன்.

அடுத்த தடவை இரண்டு பேரும் போனோம். மேடம் கொடுத்த முதல் வைத்தியம் எங்களை வாயடைக்க வைத்தது. இனி முயற்சியே செய்யக்கூடாது, தான் சொல்லும்வரை. பக்கத்தில் படுக்கலாம், கையைப் பிடித்துக்கொள்ளலாம், தலை கோதலாம், அவ்வளவுதான். ரயிலில் திரும்பி வரும்போது என் வீட்டுக்காரர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு சிரித்தார். "தாம்பரம் வரைக்கும் வந்து, கையப் பிடின்னு சொல்லக் கேட்டுட்டுப் போறோம்" என்றார். ஆனால் அன்று வீட்டுக்குள் நுழைந்தபோது, அவர் இருக்கும் வீட்டுக்குள் போக முதல்முறையாக எனக்குப் பயம் இல்லை. பரீட்சையைத் தள்ளி வைத்துவிட்டார்களே.

பிறகு மூச்சுப் பயிற்சி வந்தது. என் உடம்பை நானே பார்த்துத் தெரிந்துகொள்வது வந்தது. அது எனக்கு எதைவிடவும் கஷ்டமாக இருந்தது, கூச்சம் அப்படி. ஒவ்வொரு படியும் என் கையால், என் வேகத்தில். ட்ரிப் ஆனால் நிறுத்து, திட்டாதே, காரணம் பார், மறுபடி வா. மேடமும் எங்கள் பாஷையிலேயே பேச ஆரம்பித்துவிட்டார். "இந்த வாரம் எத்தனை சிவப்பு விளக்கு?" என்பார். வீட்டில் எங்களுக்குள்ளும் அந்த வார்த்தை புழங்கியது. காலையில் டீ போடும்போது அவர் மெதுவாக, "ட்ரிப் ஆச்சா?" என்பார். "ஆச்சு" என்று நான் முகத்தைத் தூக்கினால், "ஆனா ஆவட்டும், மெஷின் நல்ல கண்டிஷன்ல இருக்குன்னு அர்த்தம்" என்பார். எவ்வளவு பெரிய துக்கத்தையும் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ஒரு வார்த்தையில் சொல்ல முடிந்தால் பாதி பாரம் குறைந்துவிடுகிறது. நான் எதிர் ஷிப்டை மறந்தேன்.

இந்த நேரத்தில்தான் என் மாமியார் தென்காசியிலிருந்து வந்தார். கருப்பட்டியும், வறுத்த அரிசி மாவும், ஒரு வேட்டித் துணியில் மடித்த விபூதியும் கொண்டுவந்தார். எங்களுடையது ஒரு ஹால், ஒரு அறை, நடுவில் ஒரு பிளைவுட் கதவு. அத்தை ஹாலில் படுத்துக்கொண்டார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்தது. கேட்காதவர்கள் கவனிப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை.

ஒரு காலையில் கதவுக்கு அந்தப் பக்கம் எங்கள் பேச்சு அவர் காதில் விழுந்துவிட்டது. "நேத்து ட்ரிப் ஆச்சுல்லா, அத போன்ல சொன்னியா மேடத்துட்ட?" என்று இவர் கேட்க, "சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு வர வாரமும் வரச் சொல்றாங்க. நீங்களும் வரணுமாம்" என்று நான் சொன்னேன். இவ்வளவுதான். என் மாமனார் கடைசியாகத் திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கையில் ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். சொட்டுச் சொட்டாக இறங்கிய அந்தக் குளுக்கோஸ் பாட்டில் முடிவதற்குள் அவர் போய்விட்டார். அத்தைக்கு ட்ரிப்ஸ் என்றால் சாவு. ஆஸ்பத்திரி, மேடம், ட்ரிப், நீங்களும் வரணும். அவர் காதில் விழுந்தது வேறு கதை.

மகனிடம் கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. நாங்கள் இருவரும் வேலைக்குப் போன பிறகு ஷேர் ஆட்டோ பிடித்து நேராக என் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறார். "மைனி, எம்புள்ளைக்கு ட்ரிப்ஸ் ஏத்துற அளவுக்கு என்ன வந்துச்சு? ஒங்களுக்காவது தெரியுமா?" என்று அழுதிருக்கிறார். என் அம்மாவுக்கு லாட்ஜ் வைத்தியர் ஞாபகத்துக்கு வந்துவிட்டார். லேகியத்தில் சரியாகாமல் இப்போது ஆஸ்பத்திரியில் ட்ரிப்ஸ் ஏற்றுகிறார்கள், பையனுக்கு ஏதோ பெரிய சீக்கு, அதை மறைத்துத்தான் பெண்ணைக் கட்டியிருக்கிறான் என்று அவர் முடிவு செய்துவிட்டார். இரண்டும் இரண்டும் ஐந்து என்று எங்கள் வீட்டில் ஒரு கணக்கு உண்டு.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச்சொல்லி ஆள் வந்தது. போனால் அம்மா வீட்டு ஹாலில் மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அத்தை சுவரோரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சமையல் வாசனை இருந்தது, ஆனால் யாரும் இலை போடவில்லை. மாமா நேராக விஷயத்துக்கு வந்தார்.

"எங்க பொண்ணுக்கு இன்னும் வயசு கீது. உனுக்கு ஒடம்புக்கு முடியலன்னா அது ஆண்டவன் வுட்ட வழி. நாங்க ஒண்ணும் சண்ட போட வரல. மரியாதையா தீத்து வுட்டுக்கலாம். எழுதிக் குடுத்துடு."

தீர்த்து விடுவது என்றால் எங்கள் ஊரில் உறவை முறிப்பது. நாலு பேர் முன்னால் எழுதி வாங்கிக்கொண்டு, தாலியைக் கழற்றிக் கொடுத்து அனுப்புவது. என்ன உடம்புக்கு, என்ன முடியவில்லை என்று நான் கேட்டபிறகுதான் ட்ரிப்ஸ் கதை வெளியே வந்தது. அம்மா ஆவேசமாக, "நீ இன்னும் எத்தினி நாளைக்குடி அவனுக்காக மறைப்ப? ஆம்பளையா இருந்தா இந்நேரம் உனுக்கு ஒரு விசேஷம் கெடச்சிருக்காதா? ஆஸ்பத்திரில ஏத்திக்கினு கெடக்குறானாமே" என்றார்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுக்கவில்லை. அவர் அம்மா எதிரில், என் மாமா எதிரில், தான் ஆம்பளை இல்லை என்பதற்குத் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். எனக்குத் தெரியும், அப்படியே எழுந்து கையெழுத்தும் போட்டுவிடுவார், என்னைப் பற்றி ஒரு வார்த்தை வெளியே வராமல் இருக்கும் என்றால். அந்த நிமிடம் எனக்கு அவர் மேல் வந்த கோபத்தை இன்றைக்கும் சொல்லி முடியாது. நல்லவனாக இருப்பதற்கும் ஒரு அளவு வேண்டாமா? அவரை இழந்துவிடப் போகிறேன் என்று தெரிந்தது.

"அது ட்ரிப்ஸ் இல்ல," என்றேன். குரல் கிறீச்சிட்டது. "ட்ரிப். அவருக்கு இல்ல. எனக்கு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இவர், "வேண்டாம் பிள்ள" என்றார். நான் நிறுத்தவில்லை.

"மெஷின் மாதிரி என் ஒடம்புதான் நின்னுபூடுது. அவரு பக்கத்துல வந்தா எல்லாம் இறுகிக்குது. வலி உயிர் போவுது. ஆஸ்பத்திரிக்குப் போறது நான். அதுக்குப் பேரு கீது, வைத்தியம் கீது, நிறைய பேருக்கு வருது. அவருகிட்ட ஒரு கொறையும் இல்ல. உங்க லேகியத்தை எனுக்காகத்தான் துன்னாரு. நான் வலிக்குதுன்னு சொல்லக்கூட இல்ல, மூஞ்சப் பாத்தே நிறுத்திடுவாரு. கட்டின நாள்லேர்ந்து இன்னிக்கு வரைக்கும் ஒரு நாள்கூட அவரு மீறல. ஒரு நாள்கூட. இவர வுட்டு நான் எங்கயும் போவமாட்டேன்."

மாமா நாற்காலியிலிருந்து எழுந்து, இந்தப் பேச்சைக் கேட்க நான் என்ன பாவம் செய்தேன் என்பதுபோல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். அத்தை முந்தானையை வாயிலிருந்து எடுத்தார். "அப்பம் எம்புள்ளைக்கு ட்ரிப்ஸ் ஏத்தலியா?" என்றார். இல்லை என்று நான் தலையாட்டினேன். "எம்மா, முருகா" என்று அவர் உரக்க அழுதுவிட்டார். மற்றது எதுவும் அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. மகன் சாகப்போவதில்லை, அவருக்கு அது போதும். அழுதுகொண்டே தரையில் நகர்ந்து வந்து என் காலைத் தடவினார். "ரொம்ப வலிக்கா, ஏட்டி?" என்று கேட்டார். எல்லாம் காதில் ஏறித்தான் இருக்கிறது என்று அப்போது தெரிந்தது.

அம்மா மட்டும் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார்.

இந்த இடத்தில் நிறுத்தி ஒன்று சொல்லிவிடுகிறேன். இதுவரை படித்தவர்களுக்கு, அப்புறம் சரியாகிவிட்டதா, இப்போது ஏதாவது விசேஷம் உண்டா என்று கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். சிவப்பு விளக்கு குறைந்தது, பச்சை எரிந்தது, அதன் பிறகும் சில நாள் சிவப்பு எரிந்தது. அதற்குமேல் அது எங்கள் இருவருடைய விஷயம். மேடமிடம் சொன்னது மேடமிடம் இருக்கட்டும். நான் இதை எழுத உட்கார்ந்தது அன்றைக்குச் சமையலறையில் கேட்ட ஒன்றுக்காக.

நான் உள்ளே போனபோது அம்மா அடுப்பு மேடையில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு நின்றார். குழம்பு அடுப்பில் கொதித்துக் கொதித்து வற்றிக்கொண்டிருந்தது. நான்தான் அடுப்பை அணைத்தேன். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். மானத்தை வாங்கிவிட்டாயே என்று கேட்பார், மாமா முகத்தில் இனி எப்படி விழிப்பது என்பார் என்று அதற்கெல்லாம் பதிலை மனதில் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அம்மா திரும்பாமலே கேட்டார். "நெஜமாவா? மூஞ்சப் பாத்தே நிறுத்திடுவாரா?"

"ஆமாம்மா."

"கோச்சிக்கமாட்டாரா?"

"மாட்டாரு. தண்ணி கொண்டாந்து குடுப்பாரு."

அம்மா கொஞ்ச நேரம் சுவரில் மாட்டியிருந்த கரண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா படம் ஹாலில் மாலையோடு தொங்குகிறது. அந்தப் பக்கம் அவர் பார்க்கவில்லை. எங்கள் அப்பா ஊரில் நல்ல பெயர் எடுத்தவர். குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார். அவர் இறந்தபோது பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் வந்தார்கள்.

"எனுக்கும் அப்டிதான்டி இருந்துச்சு," என்றார் அம்மா. "உங்கப்பா நிறுத்தல."

பல்லைக் கடிச்சிக்கோ என்று அவர் எனக்குச் சொன்னது நினைவுக்கு வந்தது. புடவை மடித்துக்கொண்டிருந்த அந்தக் கைகள் நினைவுக்கு வந்தன. அவரிடம் எனக்குக் கொடுக்க அது ஒன்றுதான் இருந்திருக்கிறது. நான் அவர் முதுகில் கை வைத்தேன். என் கை பட்டதும் அவர் உடம்பு ஒரு கணம் இறுகியது. எனக்கு அந்த இறுக்கம் தெரியும். கையை எடுத்துவிட்டேன். காத்திருந்தேன். பிறகு அவராகவே பின்னால் சாய்ந்து என் தோளில் தலையை வைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து மூக்கைச் சிந்தி, முகம் கழுவி, வாழை இலைகளை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"போய் இலை போடு. பசியோட கீறாரு," என்றார். "அவர சாப்ட வரச் சொல்லு."